கரன்ட் மட்டும் தனி! ஆர்.வி. பார்க் மாத வாடகையில் மறைந்திருக்கும் இரண்டாவது பில்

மாத வாடகை 600 டாலர். தண்ணீர் உண்டு, கழிவுநீர் இணைப்பு உண்டு, குப்பை அள்ளுவது உண்டு, வைஃபையும் உண்டு. விளம்பரத்தின் கடைசி வரியில் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு விஷயம் இருக்கும்: கரன்ட் தனி, மீட்டர்படி.

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி மாதக்கணக்கில் வாழ்பவர்கள், பல நேரம் இந்தக் கடைசி வரியை முதல் பில் வந்த பிறகுதான் ஒழுங்காகப் படிக்கிறார்கள். ஜூலை வெயிலில் ஒரு மாசம் ஏசி ஓடிய பிறகு 150, 180, 200 டாலர் என்று ஒரு சீட்டு கதவில் சொருகப்பட்டிருக்கும். "இத்தனூண்டு வண்டிக்கு இவ்வளவு கரன்ட்டா?" என்று பார்க் அலுவலகத்தில் போய்க் கேட்டால் வரும் பதில் சுலபமானது: "மீட்டர் என்ன காட்டுதோ அதைத்தான் போட்டிருக்கோம்."

அந்தப் பதில் பாதிதான் உண்மை. எத்தனை யூனிட் ஓடியது என்பதை மீட்டர் சொல்லும். ஒரு யூனிட் என்ன விலை என்பதை மீட்டர் சொல்லாது. அதைச் சொல்வது பார்க் உரிமையாளர். ஆர்.வி. பார்க் கரன்ட் பில் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் தொடங்குகின்றன.

மாசக்கணக்கில் யார் தங்குகிறார்கள்?

ஆர்.வி. என்றதும் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் படம்தான் மனதில் வரும். நீண்ட நாள் தங்குபவர்களின் கதை வேறு. குழாய்ப் பாதை, காற்றாலை, மின்நிலையம் போன்ற கட்டுமான வேலைகளுக்கு ஊர் ஊராகப் போகும் தொழிலாளர்கள், மூன்று மாத ஒப்பந்தத்தில் மருத்துவமனை மாறும் டிராவல் நர்ஸ்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி ஆட்கள், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், நகர வாடகை கட்டுப்படியாகாமல் வண்டிக்குள் குடிவந்தவர்கள் என்று பட்டியல் நீளும். ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய புத்தகத்தை வைத்து குளோயி ஜாவ் இயக்கிய ‘நோமேட்லேண்ட்’ படம் 2021-ல் ஆஸ்கர் வாங்கியபோது, இந்த வாழ்க்கை உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இவர்களில் பலருக்கு வண்டிதான் வீடு. சுற்றுலா வந்தவருக்கு 50 டாலர் கூடினால் அது ஒரு நாள் ஹோட்டல் சாப்பாடு. மாத வருமானம் இவ்வளவுதான் என்று வாழ்பவருக்கு அது மருந்துச் செலவாக இருக்கலாம்.

ஒரு நாளைக்கு இலவசம், மாசத்துக்கு மீட்டர்: ஏன்?

பெரும்பாலான பார்க்குகளில் ஒரு இரவு, ஒரு வாரம் என்று தங்கினால் கரன்ட் செலவு வாடகைக்குள்ளேயே அடக்கம். மாத வாடகைக்குப் போனால் மீட்டர் வந்துவிடும். இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை, எளிமையான கணக்குதான்.

நாள் வாடகை 50, 60 டாலர் என்று இருக்கும்போது அதில் நாலைந்து டாலர் கரன்ட்டுக்குப் போனாலும் உரிமையாளருக்கு வலிக்காது. மாத வாடகையை நாளுக்குப் பிரித்தால் 20 டாலர்தான் வரும். அதிலும் அதே நாலைந்து டாலர் போனால் கால்வாசி காலி. தவிர, கரன்ட் இலவசம் என்றால் கதவைத் திறந்துபோட்டு ஏசியை ஓடவிடுபவரும் உண்டு. பார்த்துப் பார்த்துச் செலவு செய்பவரும் உண்டு. ஒரே வாடகையில் இருவரையும் அடக்கினால், சிக்கனமானவர் ஊதாரியின் பில்லையும் சேர்த்துக் கட்டுகிறார்.

ஆகவே, மீட்டர் என்பது அடிப்படையில் நியாயமான ஏற்பாடு. கேள்வி மீட்டர் வைத்தது பற்றி இல்லை. மீட்டருக்குப் பின்னால் நடக்கும் பெருக்கல் பற்றி.

30 ஆம்ப், 50 ஆம்ப் என்றால் என்ன?

ஒவ்வொரு சைட்டிலும் பெடஸ்டல் எனப்படும் இடுப்பளவு மின்பெட்டி ஒன்று நிற்கும். பிளக் பாயின்ட், பிரேக்கர் எல்லாம் அதில் இருக்கும். மீட்டர் வைத்த சைட் என்றால் மீட்டரும் பெரும்பாலும் அதிலேயேதான். வண்டியின் தடித்த கேபிளை அதில் செருகினால் வீட்டுக்குள் கரன்ட் வரும்.

30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் அதிகபட்சம் 3,600 வாட். ஏசி 1,600 வாட், வாட்டர் ஹீட்டர் 1,400 வாட் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவைத் தட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். 50 ஆம்ப் இணைப்பு பெயரளவில் இரண்டு மடங்குகூட இல்லாததுபோலத் தோன்றும். ஆனால், அதில் 120 வோல்ட் லைன் இரண்டு உண்டு. இரண்டிலும் தலா 50 ஆம்ப். மொத்தம் 12,000 வாட். அதாவது, 30 ஆம்பைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கை உலவுகிறது: 50 ஆம்ப் எடுத்தால் பில் கூடும் என்று. இணைப்பின் அளவு பில்லைக் கூட்டாது. குழாய் பெரிதாக இருப்பதால் மட்டும் தண்ணீர் செலவாகிவிடாது அல்லவா, அது மாதிரிதான். இரண்டாவது ஏசியையும் சேர்த்து ஓட்ட முடியும் என்பதால் செலவு கூடலாம். அது ஓட்டுபவர் கையில் இருக்கிறது.

ஒரு மாசத்துக்கு எத்தனை யூனிட்?

நம் ஊரில் ‘யூனிட்’ என்பதுதான் அங்கே கிலோவாட் ஹவர். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை வைத்து ஒரு கோடைக்காலக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு ஏசி உள்ள வண்டி, உள்ளே இருவர், வெளியே கொளுத்தும் வெயில்.

ஏசி 1.6 கிலோவாட், நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிறது: 22.4 யூனிட்.

வாட்டர் ஹீட்டர் 1.4 கிலோவாட், ஒன்றரை மணி நேரம்: 2.1 யூனிட்.

ஃபிரிட்ஜ்: சுமார் 2 யூனிட்.

சமையல், லைட், லேப்டாப், டிவி: சுமார் 3.5 யூனிட்.

மொத்தம் நாளுக்கு 30 யூனிட்; மாசத்துக்கு 900.

அமெரிக்காவில் ஒரு சராசரி வீடு மாசத்துக்குச் செலவழிப்பதும் ஏறக்குறைய இதே 900 யூனிட்தான். வீட்டைவிடப் பல மடங்கு சின்ன வண்டி எப்படி வீட்டளவு கரன்ட் குடிக்கிறது? விடை சுவரில் இருக்கிறது. ஆர்.வி.யின் சுவர் பெரும்பாலும் இரண்டு அங்குலத்துக்குப் பக்கம்தான். கூரையும் மெலிது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. நடுமத்தியானம் நிழலே இல்லாத கான்கிரீட் தளத்தில் அது நின்றால், ஏசி வெளியேற்றும் சூடு பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

அதனால்தான், மரநிழல் உள்ள சைட்டுக்கு மாத வாடகை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏசி ஓடும் நேரம் நாளுக்கு நான்கு மணி நேரம் குறைந்தால் மாசத்துக்கு 192 யூனிட் மிச்சம். யூனிட் 15 சென்ட் என்றால் கிட்டத்தட்ட 29 டாலர். நிழலுக்கும் ரேட் உண்டு.

அதே 900 யூனிட், நான்கு விதமான பில்

இனி முக்கியமான இடம். மேலே சொன்ன 900 யூனிட்டுக்கு ஒரு பார்க் 12 சென்ட் போட்டால் பில் 108 டாலர். 16 சென்ட் என்றால் 144. 20 சென்ட் என்றால் 180. 25 சென்ட் என்றால் 225. அதே வண்டி, அதே ஏசி, அதே வெயில். முதல் பில்லுக்கும் கடைசி பில்லுக்கும் இடையே மாசம் 117 டாலர் வித்தியாசம். சிக்கனமாக இருந்து மிச்சம் பிடிப்பதைவிட, ரேட்டை முன்கூட்டியே விசாரிப்பது சில சமயம் அதிகம் மிச்சப்படுத்தும்.

எது நியாயமான ரேட்? அமெரிக்க எரிசக்தித் தகவல் முகமையின் கணக்குப்படி 2024-ல் வீடுகளுக்கான தேசிய சராசரி யூனிட்டுக்கு சுமார் 16.5 சென்ட். இந்தச் சராசரியை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. ஹவாயில் 40 சென்ட்டைத் தாண்டுகிறது. கலிபோர்னியாவில் 30-ஐ ஒட்டி. ஐடாஹோ, வடக்கு டகோட்டா போன்ற மாநிலங்களில் 12-ஐ ஒட்டி. ஆகவே ஐடாஹோவில் 20 சென்ட் என்றால் புருவம் உயர வேண்டும். கலிபோர்னியாவில் 30 சென்ட் என்றாலும் அதிர்ச்சியடையத் தேவையில்லை.

பார்க்குக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது?

பார்க் பெரும்பாலும் மின் நிறுவனத்திடமிருந்து ஒரே பெரிய மீட்டர் வழியாக வணிக ரேட்டில் கரன்ட் வாங்குகிறது. பிறகு ஒவ்வொரு சைட்டுக்கும் உள்ள சப்-மீட்டர் வழியாக அதைப் பிரித்துக் கொடுக்கிறது. வணிக ரேட்டின் தேசிய சராசரி வீட்டு ரேட்டைவிடக் குறைவு. 2024-ல் 13 சென்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆனால் வணிக பில்லில் இன்னொரு வரி உண்டு: டிமாண்ட் சார்ஜ். மாசம் முழுக்க எத்தனை யூனிட் ஓடியது என்பதோடு, எந்த நேரத்தில் உச்சமாக எத்தனை கிலோவாட் ஒரேயடியாக இழுக்கப்பட்டது என்பதற்கும் கட்டணம். மாலை நான்கு மணிக்கு எல்லா வண்டிகளிலும் ஏசி ஒன்றாக ஓடும் அந்தக் கொஞ்ச நேரம், மாசம் முழுவதற்குமான தொகையைத் தீர்மானித்துவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பார்க் மாசத்துக்கு 40,000 யூனிட் வாங்குகிறது. யூனிட் 8 சென்ட் வீதம் 3,200 டாலர். உச்சத் தேவை 120 கிலோவாட், கிலோவாட்டுக்கு 12 டாலர் வீதம் 1,440 டாலர். நிலையான கட்டணம் 160 டாலர். மொத்தம் 4,800. இதை 40,000-ஆல் வகுத்தால் யூனிட் 12 சென்ட்.

பில்லில் ‘எனர்ஜி சார்ஜ் 8 சென்ட்’ என்று இருப்பதைப் பார்த்து, "எட்டு சென்ட்டுக்கு வாங்கி பன்னிரண்டுக்கு விக்கிறாங்க" என்று ஒருவர் கொதித்தால், அது தவறான கோபம். 12 சென்ட் அங்கே அசல் விலை. அதே பார்க் 18 சென்ட் வசூலித்தால் கதை வேறு. எல்லா யூனிட்டையும் அந்த விலைக்கு விற்றால் 7,200 டாலர் வரும். அசல் போக மாசத்துக்கு 2,400 டாலர். அது கரன்ட் கட்டணம் இல்லை. கரன்ட் என்ற பெயரில் வரும் இரண்டாவது வாடகை.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பெடஸ்டலில் பிரேக்கர் போகும், பிளக் பாயின்ட் கருகும், நிலத்தடி கேபிளில் கொஞ்சம் மின்னிழப்பு இருக்கும், மாசாமாசம் ஒருவர் நடந்துபோய் ரீடிங் எடுக்க வேண்டும். இவை உண்மையான செலவுகள். ஆனால், இவற்றுக்கான இடம் சைட் வாடகை. வாடகையில் 25 டாலர் கூட்டினால் விளம்பரத்திலேயே தெரியும். பக்கத்து பார்க்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். யூனிட் ரேட்டில் ஏற்றினால் வந்து தங்கி, ஒரு மாசம் கழிந்த பிறகுதான் தெரியும். மறைத்து வைப்பதன் லாபமே அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கா முழுமைக்கும் ஒரே விதி கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரண்டு மாநிலங்களைப் பார்த்தாலே இரண்டு விதமான சிந்தனை தெரியும்.

புளோரிடாவின் விதி, ஒரே மீட்டரில் வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர் சப்-மீட்டரைச் செலவைப் பங்கிட மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. மின் நிறுவனத்துக்குக் கட்டியதற்கு மேல் வசூலிக்கக் கூடாது. கரன்ட்டை விற்று லாபம் பார்ப்பது மின் நிறுவனத்தின் வேலை, நில உரிமையாளரின் வேலை இல்லை என்பது இதன் அடிப்படை.

கலிபோர்னியா வேறு வழியில் யோசிக்கிறது. மொபைல் ஹோம் பார்க், அபார்ட்மென்ட் போன்ற குடியிருப்புகளில் சப்-மீட்டர் வழியாகக் கரன்ட் பெறுபவருக்கு, அவர் நேரடியாக மின் நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் என்ன ரேட்டோ அதே ரேட்தான் போட வேண்டும். அதோடு பில்லில் ஒவ்வொரு கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். நடப்பு ரேட் அட்டவணையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

கடைசி விதி சாதாரணமாகத் தெரியலாம். உண்மையில் வலுவானது அதுதான். ரேட் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தால், குடியிருப்பவர் வக்கீலைத் தேடிப் போக வேண்டாம். போனில் ஒரு படம் எடுத்து, கால்குலேட்டரைத் திறந்தால் போதும்.

சென்னையிலும் இதே கதைதான்

சப்-மீட்டர் என்றதும் சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறு ஒரு முகம் நினைவுக்கு வரும். "யூனிட்டுக்கு இவ்வளவு, அது தனி" என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடும் ஹவுஸ் ஓனர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்துக்கு ஒருமுறை கணக்கு. முதலில் ஓடும் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட ரேட்டும் ஏறும். மாடியில் ஒரு போர்ஷன், கீழே ஒரு போர்ஷன் என்று ஒரே இணைப்பில் பிரித்துக் கொடுத்து, எல்லோரிடமும் ஒரே தட்டையான ரேட் வசூலித்தால், அந்த இலவச யூனிட் யார் கணக்கில் போனது என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

டெக்சாஸ் ஆர்.வி. பார்க்கும் வேளச்சேரி மாடி போர்ஷனும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். கரன்ட் கொடுப்பவரும் இடம் கொடுப்பவரும் ஒரே ஆள். ரேட் பிடிக்கவில்லை என்றால் வேறு கரன்ட் வாங்க முடியாது. இடத்தையே காலி செய்ய வேண்டும்.

குளிர்காலத்தில் கேஸா, கரன்ட்டா?

கோடையில் பெரிதாகத் தேர்வு இல்லை, ஏசிக்குக் கரன்ட்தான். குளிர்காலத்தில் தேர்வு உண்டு. ஆர்.வி.யில் புரொபேன் கேஸில் ஓடும் ஃபர்னஸ் இருக்கும். பிளக்கில் செருகும் 1,500 வாட் ஹீட்டரையும் வைத்துக்கொள்ளலாம். கரன்ட் வாடகைக்குள் அடக்கமாக இருந்தால் எல்லோரும் ஹீட்டரையே போடுவார்கள். மீட்டர் வந்த பிறகு கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு கேலன் புரொபேனில் சுமார் 91,500 பி.டி.யு. வெப்பம் உண்டு. யூனிட்டாக மாற்றினால் சுமார் 27. ஃபர்னஸ் அதில் ஒரு பகுதியைப் புகையோடு வெளியே விட்டுவிடுவதால், வண்டிக்குள் வருவது 20 யூனிட் அளவு. இதிலிருந்து ஒரு எளிய சூத்திரம் கிடைக்கிறது: கேலன் விலையை 20-ஆல் வகுத்தால், இரண்டும் சமமாகும் கரன்ட் ரேட் வரும். கேலன் 3 டாலர் என்றால் 15 சென்ட். பார்க் ரேட் 15 சென்ட்டுக்குக் கீழே என்றால் ஹீட்டர் லாபம். மேலே என்றால் கேஸ் லாபம்.

இரண்டு ஹீட்டர்கள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 36 யூனிட், மாசத்துக்கு 1,080. 15 சென்ட் ரேட்டில் 162 டாலர். அதே ஹீட்டர்கள், 25 சென்ட் ரேட்டில் 270 டாலர்.

பணத்தை மட்டும் பார்த்து ஃபர்னஸை முழுக்க நிறுத்திவிடுவதிலும் ஆபத்து உண்டு. பல வண்டிகளில் ஃபர்னஸின் சூடான காற்றில் ஒரு பங்கு தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்க் குழாய், தொட்டிப் பகுதிக்கும் போகும். உள்ளே ஹீட்டரை வைத்துக் கதகதப்பாக இருந்துவிட்டு, விடிந்ததும் கீழே குழாய் உறைந்து வெடித்திருந்தால், மிச்சம் பிடித்தது அத்தனையும் பிளம்பருக்குப் போய்விடும். கடும் உறைபனி இரவில் ஃபர்னஸ் ஓடுவதே பாதுகாப்பு.

மீட்டரையே சந்தேகப்பட்டால்?

ரேட் சரியாக இருந்தும் பில் அதிகமாகத் தோன்றினால், சோதிக்க எளிய வழிகள் உண்டு.

முதல் நாளே படம்: வண்டியைச் செருகும் முன் மீட்டரையும் சைட் எண்ணையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு இருந்தவரின் யூனிட் தலையில் விழாமல் இருக்க இதைவிட எளிய வழி கிடையாது. பிறகு மாசாமாசம் ரீடிங் எடுக்கும் நாளில் ஒரு படம்.

கழித்துப் பார்ப்பது: இந்த மாச ரீடிங்கிலிருந்து போன மாச ரீடிங்கைக் கழித்தால் யூனிட். அதை ரேட்டால் பெருக்கினால் தொகை. இரண்டு ரீடிங்குக்கும் இடையே எத்தனை நாள் என்பதையும் பார்க்க வேண்டும். 28 நாள் பில்லையும் 34 நாள் பில்லையும் அருகருகே வைத்து ‘ஏறிப்போச்சு’ என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. நாளுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துப் பார்ப்பதே சரி.

பிரேக்கரை இறக்கிப் பார்ப்பது: பெடஸ்டலில் உள்ள பிரேக்கரை அரை மணி நேரம் இறக்கி வைத்தால் மீட்டர் அசையக் கூடாது. அசைந்தால், அந்த மீட்டரில் வேறு யாரோ ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு சைட்டுக்கு ஒரே பெடஸ்டல் உள்ள இடங்களில் பக்கத்து வண்டியின் மீட்டரை மாற்றிப் படிப்பதற்கும் வாய்ப்பு உண்டு.

ஹீட்டர் சோதனை: மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,500 வாட் ஹீட்டரை மட்டும் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட விட்டால், மீட்டர் 3 யூனிட்டை ஒட்டி ஏற வேண்டும். 4, 5 என்று போனால் அலுவலகத்தில் பேச ஒரு கணக்கு கையில் இருக்கும்.

பேசும் முறையும் முக்கியம். "உங்க மீட்டர் ஏமாத்துது" என்று தொடங்கினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். "இந்தத் தேதியில இந்த ரீடிங், இந்தத் தேதியில இது; உங்க சீட்டுல வேற நம்பர் இருக்கே, கொஞ்சம் பாருங்க" என்று படத்தைக் காட்டினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. யூனிட்டுக்கு எத்தனை சென்ட்? அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?

2. தங்கியிருக்கும்போது ரேட் மாறுமா? மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள்?

3. ரீடிங் எடுக்க, பில் போட, குறைந்தபட்சக் கட்டணம் என்று தனியாக ஏதாவது உண்டா?

4. ரீடிங் எடுக்கும் நாள் எது? கூட நின்று பார்க்கலாமா?

5. இதே சைட்டில் போன ஜூலையிலும் ஜனவரியிலும் எத்தனை யூனிட் ஓடியது?

ஐந்தாவது கேள்விக்குப் பலர் பதில் சொல்லத் தயங்கலாம். பெயர் எதுவும் வேண்டாம், யூனிட் மட்டும் போதும் என்று கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. அந்த இரண்டு எண்கள் தெரிந்தால் வருஷச் செலவு பாதி தெரிந்த மாதிரி.

இந்தத் தொந்தரவே வேண்டாம் என்று ஒதுங்குபவர்களும் உண்டு. அரிசோனாவின் குவார்ட்ஸைட்டைச் சுற்றியுள்ள மத்திய அரசின் பாலைவன நிலங்களில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அனுமதி உண்டு. பல ஆண்டுகளாக முழு சீசனுக்கும் கட்டணம் 180 டாலராகத்தான் இருந்தது. அங்கே பெடஸ்டலும் இல்லை, மீட்டரும் இல்லை. கூரையில் சோலார் பேனல், அடியில் பேட்டரி. குளிர்காலத்தின் இதமான வெயிலில் அது ஓடும். ஜூலையில் ஓடாது. வேலை ஹூஸ்டனில் இருந்தால் பாலைவனத்துக்குப் போகவும் முடியாது.

யார் கையில் என்ன இருக்கிறது?

கரன்ட் பில் என்றதும் அறிவுரைகள் எல்லாம் தங்குபவரை நோக்கியே வரும். ஏசியை 26 டிகிரியில் வை, ஜன்னலுக்குத் தடுப்புப் போடு, வெளியே பந்தல் விரி, தேவையில்லாத நேரத்தில் வாட்டர் ஹீட்டரை அணை. எல்லாம் பயனுள்ளவை, செய்ய வேண்டியவை. ஆனால், வண்டியின் சுவர் தடிமன் தங்குபவர் கையில் இல்லை. சைட்டில் மரம் நடுவதும் அவர் கையில் இல்லை. எந்த நிறுவனத்திடம் கரன்ட் வாங்குவது என்பதும் இல்லை. அவர் கையில் இருப்பது சுவிட்ச் மட்டும்தான்.

சுவிட்ச் ஒருவர் கையிலும் ரேட் இன்னொருவர் கையிலும் இருக்கும் இடத்தில், ரேட் வெளிச்சத்தில் இருக்க வேண்டியது குறைந்தபட்ச நியாயம். பார்க் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பில்லில் நான்கே நான்கு விவரங்கள் போதும்: பழைய ரீடிங், புதிய ரீடிங், யூனிட் ரேட், அந்த மாசம் பார்க் கட்டிய சராசரி ரேட். முதல் மூன்றைப் பல பார்க்குகள் இப்போதே கொடுக்கின்றன. நான்காவதைக் கொடுத்தால் பாதிச் சண்டைகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். நேர்மையாக நடத்தும் உரிமையாளருக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. அசல் விலை 12 சென்ட், வாங்குவதும் 12 சென்ட் என்று எழுதி ஒட்டிவிட்டால், அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

அப்படி எழுதாத இடத்தில் தங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான். வாடகை எவ்வளவு என்று கேட்டு நிறுத்திவிடாமல், அடுத்த மூச்சிலேயே "யூனிட் எவ்வளவு?" என்றும் கேட்பது. பதில் உடனே எண்ணாக வந்தால் கணக்குப் போடலாம். "அதெல்லாம் ஒண்ணும் பெருசா வராது" என்று வந்தால், பக்கத்து பார்க்கின் ரேட்டையும் ஒரு போன் போட்டு விசாரிப்பது நல்லது.